வெற்று எடையும் ஈர்ப்பு மையமும்: பராமரிப்பு மாணவருக்கு இந்தக் கணக்கு எதற்கு?

ஜூன் 3

மாணவர் ஒருவர் எழுதியது: “எடை, சமநிலைக் கணக்கை ஒவ்வொரு பறப்புக்கும் விமானியோ சுமைப் பிரிவினரோ போடுகிறார்கள். வரம்பு மீறினால் பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்களே. விமானத்தைப் பழுதுபார்க்கப் படிக்கும் எங்களுக்கு இதைத் தனிப் பாடமாக வைத்திருப்பது ஏன்? எடை கூடாமல் பார்த்துக்கொண்டால் எங்கள் வேலை முடிந்துவிடாதா?”

ஜூன் 3, மாலை

முடியாது. விமானி நிரப்பும் சுமைத்தாளின் முதல் வரியைப் பாருங்கள். வெற்று எடை (பயணிகளும் சுமையும் பயன்படுத்தும் எரிபொருளும் இல்லாத விமானத்தின் எடை), அந்த எடைக்கான ஈர்ப்பு மையம் (முழு எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) என இரண்டு எண்கள் அங்கே இருக்கும். அவற்றை விமானி அளந்ததில்லை. அளக்க அவருக்கு வழியும் இல்லை. விமானத்தை எடைபோட்டுக் கையெழுத்திட்ட பராமரிப்பாளர் தந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டு, அவற்றின் மேல் பயணிகளையும் எரிபொருளையும் பெட்டிகளையும் கூட்டிக்கொண்டு போகிறார். முதல் வரி பிசகியிருந்தால் அவர் எவ்வளவு கவனமாகக் கூட்டினாலும் விடை பிசகியே வரும், பிசகியிருப்பதற்கான அடையாளம் எதுவும் அந்தத் தாளில் தெரியாது. இந்தப் பாடத்தை நான் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

ஜூன் 4

கேள்வியின் பின்பாதிக்கு நேற்று பதில் எழுதவில்லை. எடை முழுக்க வரம்புக்குள் இருந்தும் ஒரு விமானம் பறக்கத் தகுதியற்றதாக இருக்கலாம். ஈர்ப்பு மையம் முன்வரம்பைத் தாண்டினால் மூக்கு கனக்கும். அதை ஈடுகட்ட வால் கூடுதலாகக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். அந்த அழுத்தத்தையும் சேர்த்து இறக்கையே சுமப்பதால் ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம்) உயரும், தரையிறங்கும் கடைசி நொடிகளில் மூக்கைத் தூக்க எலிவேட்டரின் (மூக்கை ஏற்றி இறக்கும், வாலிலுள்ள அசையும் பரப்பு) வீச்சு போதாமல் போகலாம். பின்வரம்பைத் தாண்டுவது இன்னும் மோசம். கட்டுப்பாடுகள் இலகுவாகிவிடும், காற்று குலுக்கினால் பழைய நிலைக்குத் தானாகத் திரும்பும் இயல்பு குன்றும், ஸ்டாலில் சிக்கினால் மூக்கைத் தாழ்த்தி மீள்வது கடினமாகும், சில நிலைகளில் இயலாமலே போகும்.

இதில் ஒரு முரண் உண்டு. வரம்புக்குள் இருக்கும்வரை பின்தள்ளிய மையம் சிக்கனமானது; வால் கீழே அழுத்துவது குறைவதால் எரிபொருள் மிச்சமாகிறது. சில பெரிய பயணிகள் விமானங்களின் வால் இறக்கையில் எரிபொருள் தொட்டி இருப்பது இதற்காகத்தான். கான்கார்ட் விமானத்தில் காரணம் வேறு: ஒலியின் வேகத்தைக் கடக்கும்போது தூக்குவிசையின் மையம் பின்னால் நகர்வதால், சுமார் 20 டன் எரிபொருளைப் பின்னோக்கி இறைத்து ஈர்ப்பு மையத்தையும் அதன்கூடவே நகர்த்தினார்கள்.

ஜூன் 5

தூரங்களை அளக்கத் தொடங்கும் டேட்டம் கோட்டை மூக்குக்கு முன்னால், எதுவுமே இல்லாத வெளியில் வைப்பது ஏன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூட்டல் கழித்தல் குறிகளின் தொல்லை குறையும் என்பதற்காகத்தான். கோடு எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்தால் எல்லாத் தூரங்களும் நேர்க்குறியாகவே வரும். எங்கே வைப்பது என்பது தயாரிப்பாளரின் விருப்பம். செஸ்னா 172 விமானத்தில் எஞ்சினுக்கும் பயணிகள் அறைக்கும் இடையிலுள்ள ஃபயர்வாலின் முன்முகமே டேட்டம். அங்கிருந்து ஒரு பொருளுக்குள்ள கிடைத்தூரம் ஆர்ம். எடையை ஆர்மால் பெருக்கினால் திருப்புத்திறன். மொத்தத் திருப்புத்திறனை மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம். பாடம் இவ்வளவுதான். மீதியெல்லாம் எந்த எடை, எந்தத் தூரம் என்பதைச் சரியாகப் பிடிப்பதில் இருக்கிறது.

ஜூன் 8

எடைபோடும் நாளைப் பற்றி விரிவாக எழுதச் சொன்னார்கள்.

தராசைக் கொண்டுவருவதற்கு முன் செய்ய வேண்டியவை, தராசில் ஏற்றியபின் செய்ய வேண்டியவற்றைவிட அதிகம். முதலில் விமானத்தைக் கழுவித் துடைத்து உலர விட வேண்டும். சக்கரக்கூண்டில் அப்பிய சேறும் தரைவிரிப்பில் ஊறிய ஈரமும் விமானத்தின் பாகங்கள் அல்ல. அடுத்து உபகரணப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்க்க வேண்டும். பட்டியலில் உள்ளது அதற்குரிய இடத்தில் இருக்க வேண்டும், பட்டியலில் இல்லாதது வெளியே போக வேண்டும். பின்பக்கச் சாமான் அறையில் இழுவைத் தண்டையும் எண்ணெய் டின்களையும் ஒரு ஈரத் துணிமூட்டையையும் நான் பார்த்திருக்கிறேன். அவையெல்லாம் வாலை ஒட்டிக் கிடந்தவை. பட்டியலோடு ஒத்துப்பார்க்காமல் அப்படியே எடைபோட்டிருந்தால் அந்த விமானத்தின் வெற்று மையம் அடுத்த எடைபோடல்வரை பின்னுக்கே தள்ளி நின்றிருக்கும்.

எரிபொருளைக் கையேடு சொல்லும் முறைப்படி வடிக்க வேண்டும். வடித்தபின்னும் தொட்டியிலும் குழாய்களிலும் தங்கும் பயன்படாத எரிபொருள் வெற்று எடையைச் சேர்ந்தது. அதை உறிஞ்சி எடுக்கத் தேவையில்லை. எஞ்சின் எண்ணெய் விஷயத்தில் பழைய விமானங்களில் பலரும் தடுமாறுகிறார்கள். அமெரிக்க விதிகளில் 1978இல் வந்த மாற்றத்துக்குப் பின் சான்றளிக்கப்பட்ட சிறு விமானங்களுக்கு முழு எண்ணெயும் வெற்று எடையில் சேரும். அதற்கு முந்தியவற்றுக்கு வடிக்க முடியாத எண்ணெய் மட்டுமே சேரும். எட்டு குவார்ட்டு எண்ணெய் ஏறத்தாழ 6.8 கிலோ, அதுவும் மூக்கில். எந்த வகை என்று பார்க்காமல் தொடங்கினால் அந்த 6.8 கிலோவை இரண்டு முறை கூட்டுவோம், அல்லது ஒருமுறைகூடக் கூட்டாமல் விடுவோம்.

ஹேங்கர் கதவுகளைச் சாத்திவிட வேண்டும். மெல்லிய காற்றோட்டம்கூட இறக்கைமேல் பாய்ந்து சிறிது தூக்குவிசையை உண்டாக்கும், தராசின் எண் ஆடிக்கொண்டே இருக்கும். எடைமேடையில் சக்கரங்கள் ஏறியபின் பிரேக்கை விடுவிக்க வேண்டும். பிடித்திருந்தால் சக்கரங்களின் பக்கவிசை மேடையில் இறங்கி எண்ணைத் திரிக்கும். பிரேக்கை விட்டால் விமானம் உருளாமலிருக்கக் கட்டை வைக்கிறோம். அந்தக் கட்டையின் எடையும் தராசில் விழுகிறது, ஆகையால் அதைத் தனியே நிறுத்துக் கழிக்க வேண்டும்.

கடைசியாக மட்டம். கையேடு குறிப்பிடும் புள்ளிகளில் ரசமட்டத்தை வைத்து நெடுக்கிலும் குறுக்கிலும் சரிசெய்தபின், தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அதன் முனை ஆடி ஓயும்வரை காத்திருந்து, தரையில் சுண்ணக்கட்டியால் புள்ளியிட்டு, முன்சக்கரத்துக்கும் முதன்மைச் சக்கரங்களுக்கும் உள்ள தூரத்தை நாடாவால் அளக்கிறோம். கையேட்டிலேயே தூரம் அச்சிட்டிருக்கும்போது எதற்கு அளப்பது என்று கேட்பார்கள். தயாரிப்பாளர் வரைந்த சக்கரத்தின் இடமும், பல ஆண்டுகள் தரையில் மோதி மோதி வளைந்த காலின் நுனியில் இருக்கும் சக்கரத்தின் இடமும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை.

ஜூன் 8, இரவு

வால் சக்கர விமானங்களுக்கு வாலை உயர்த்தித் தாங்கியின்மேல் வைத்து மட்டம் பார்க்க வேண்டும் என்பதையும் அந்தத் தாங்கியின் எடையும் கழிக்கப்பட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 9

எண்களில்லாமல் புரியவில்லை என்பவர்களுக்கு ஒரு கற்பனை விமானம். டேட்டத்திலிருந்து மூக்குச் சக்கரம் 40 செ.மீ., முதன்மைச் சக்கரங்கள் 205 செ.மீ. தராசில் இடது 262, வலது 257, மூக்கு 186 கிலோ. கட்டைகளின் எடையான 2, 2, 1 கிலோவைக் கழித்தால் 260, 255, 185. மொத்தம் 700 கிலோ. முதன்மைச் சக்கரங்களின் திருப்புத்திறன் 515 × 205 = 1,05,575; மூக்கினுடையது 185 × 40 = 7,400; இரண்டும் சேர்ந்து 1,12,975. அதை 700ஆல் வகுத்தால் 161.39 செ.மீ.

கட்டைகளைக் கழிக்க மறந்தால் என்னாகும் என்று போட்டுப் பாருங்கள். மையம் 161.47 என்று வரும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம். எடைதான் 5 கிலோ கூடிவிடும். ஆகவே கட்டையின் பிழை சமநிலைப் பிழையைவிட எடைப் பிழைதான். எல்லாப் பிழைகளும் ஒரே அளவில் கெடுப்பதில்லை என்பதை இப்படிப் போட்டுப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள முடியும்.

ஜூன் 12

“மட்டம் ஓரிரு டிகிரி தவறினால் என்ன?” என்ற கேள்விக்குப் பதில், எல்லாப் பிழைகளும் ஒரே அளவில் கெடுப்பதில்லை என்று மேலே எழுதியதன் மறுபக்கம். ஈர்ப்பு மையம் சக்கர அச்சுக்கு ஒரு மீட்டர் மேலே இருப்பதாகக் கொள்ளுங்கள். விமானம் 2 டிகிரி மூக்கை நிமிர்த்தி நின்றால், சக்கரங்களைப் பொறுத்து மையம் சுமார் 3.5 செ.மீ. பின்னே சாய்கிறது. மூக்குத் தராசு அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும். நம் விமானத்தின் அனுமதிக்கப்பட்ட வீச்சு 155இலிருந்து 185 வரை, அதாவது 30 செ.மீ. என்று வைத்தால், கண்ணுக்கு அநேகமாகப் புலப்படாத ஒரு சாய்வு அதில் ஒன்பதில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. கட்டையை மறந்ததற்கும் இதற்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ரசமட்டக் குமிழி நடுவில் நிற்கும்வரை பொறுமை காட்டுவதற்குக் காரணம் இதுதான்.

ஜூன் 13

மின்விசிறியை நிறுத்தினால் போதாதா, கதவையும் சாத்த வேண்டுமா என்று கேட்டவருக்கு: இரண்டையும் செய்யுங்கள். வியர்வை விமானத்தின்மேல் சொட்டாத வரையில் தராசுக்கு ஆட்சேபம் இல்லை.

ஜூன் 15

எடை கூடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று முதலில் எழுதியவருக்காக இந்தக் கணக்கு. 12 கிலோ பேட்டரி எஞ்சின் அறையில் 20 செ.மீ. புள்ளியில் இருக்கிறது. அதை அறைக்குப் பின்னால் 320 செ.மீ. புள்ளிக்கு மாற்றுகிறீர்கள். எடை ஒரு கிராம்கூடக் கூடவில்லை. நகர்ந்த எடையை நகர்ந்த தூரத்தால் பெருக்கி மொத்த எடையால் வகுத்தால், 12 × 300 ÷ 700 = 5.14 செ.மீ. வெற்று மையம் 161.39இலிருந்து 166.53க்குப் போய்விட்டது. எடையை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு இந்த வேலையில் எதுவுமே நடக்கவில்லை.

பேட்டரியோடு அதற்கான தடித்த கேபிளும் நீளுமே என்று ஒருவர் உடனே எழுதினார். நல்ல கேள்வி. கேபிள் 3 கிலோ, அதன் நடுப்புள்ளி 170 செ.மீ. என்று கொண்டால், வெற்று மையம் கால் மில்லிமீட்டர்கூட நகராது. ஏனெனில் கேபிளின் நடுப்புள்ளி மையத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அதற்காகக் கேபிளை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். எடைக்கு அது 3 கிலோதான். சமநிலைக் கணக்கிலும் அது வேறொரு இடத்தில் தலைகாட்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

ஜூன் 16

குறிகளைப் பற்றி. டேட்டம் ஃபயர்வாலில் இருக்கும் விமானத்தில் எஞ்சின் பக்கத்து ஆர்ம்கள் எதிர்க்குறி. அங்கிருந்து −60 செ.மீ. புள்ளியில் உள்ள 8 கிலோ ஸ்டார்ட்டரைக் கழற்றி, அதே இடத்தில் 4 கிலோ எடையுள்ள புதியதைப் பொருத்துகிறீர்கள். கழற்றியது (−8) × (−60) = +480. பொருத்தியது 4 × (−60) = −240. நிகரம் +240, விமானம் இலகுவாகி, மையம் பின்னே போகிறது. மாணவர்கள் இங்கே சறுக்குவது பெருக்கலில் அல்ல. “கழற்றினோம், ஆகவே கழித்தல்” என்று கை தானாக எழுதிவிடுவதில்தான். குறியை எழுதுவதற்கு முன், மூக்கில் எடை குறைந்தால் வால் தாழுமா உயருமா என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால், தாளில் விழுந்த விடை பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும்.

ஜூன் 20

விபத்து உதாரணம் கேட்டிருந்தார்கள். பராமரிப்பு மாணவர் அவசியம் படிக்க வேண்டியவை என்று நான் சொல்வது இரண்டு.

2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் ஏர் மிட்வெஸ்ட் 5481 என்ற பீச்கிராஃப்ட் 1900டி விமானம் புறப்பட்ட சில நொடிகளில் மூக்கை நிமிர்த்தி ஸ்டாலாகி விழுந்து, அதிலிருந்த 21 பேரும் இறந்தனர். சுமைத்தாளின்படி எல்லாம் வரம்புக்குள் இருந்தது. பயணிகளுக்கு எடுத்துக்கொண்ட சராசரி எடை உண்மையான எடையைவிடக் குறைவாக இருந்ததால், நடப்பில் விமானம் எடை மிகுந்தும் மையம் பின்வரம்பைத் தாண்டியும் இருந்தது. கூடவே, ஓரிரு நாட்களுக்கு முன் நடந்த பராமரிப்பில் எலிவேட்டர் கேபிள் தவறாகச் சரிசெய்யப்பட்டு, மூக்கைத் தாழ்த்தும் திசையில் அதன் வீச்சு குறுகியிருந்தது. அந்த வேலைக்குப் பின்னும் விமானம் சில முறை சிக்கலின்றிப் பறந்தது. மையம் பின்னே போன நாளில், மூக்கைத் தாழ்த்த வேண்டிய அந்த வீச்சு விமானிகளுக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது, 2000 பிப்ரவரி 16 அன்று சாக்ரமெண்டோ அருகே விழுந்த எமரி 17 என்ற டிசி-8 சரக்கு விமானம். விமானிகள் சுமை பின்னே நகர்ந்துவிட்டதாகவே நினைத்து, சமநிலைச் சிக்கல் என்று தரைக்கட்டுப்பாட்டிடம் சொன்னார்கள். சுமை நகரவில்லை. வலது எலிவேட்டரின் கட்டுப்பாட்டு டேபை (அதன் பின்விளிம்பிலுள்ள சிறு அசையும் தகடு) இயக்கும் தண்டு கழன்றிருந்தது. அதைப் பிடிக்க வேண்டிய போல்ட்டு முறைப்படி பூட்டப்படாமல் போயிருந்தது. மூவர் இறந்தனர். சமநிலை கெட்டதும் எலிவேட்டர் கெட்டதும் விமானியின் கைக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. எலிவேட்டரின் வீச்சைப் பார்க்கிறவரும் வெற்று எடையைப் பதிகிறவரும் பராமரிப்பாளரே என்பதால், விபத்துப் பட்டியலில் இந்த இரண்டையும் நான் முதலில் வைக்கிறேன்.

ஜூன் 21

2013 ஏப்ரல் 29 அன்று பக்ராமில் விழுந்த 747 சரக்கு விமானத்தை விட்டுவிட்டேன் என்று கேட்கிறார்கள். வேண்டுமென்றே விட்டேன். அதில் கவச வாகனம் கட்டு அறுந்து பின்னே போனது உண்மை. ஏழு பேர் இறந்ததும் உண்மை. ஆனால் அதை வெறும் சமநிலை விபத்தாகச் சொல்வது போதாது. பின்னே போன வாகனம் ஹைட்ராலிக் அமைப்பையும் கிடைவாலை நகர்த்தும் இயங்குமுறையையும் உடைத்தது. மையம் நகர்ந்ததைவிட அந்தச் சேதமே விமானத்தைக் கைமீறச் செய்தது. சரக்கைக் கட்டும் பாடத்துக்கு அது சரியான உதாரணம்.

ஜூன் 24

அலகுகளைப் பற்றிச் சுருக்கமாக. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடா 143 என்ற 767 விமானம் நடுவானில் எரிபொருள் தீர்ந்து, மிதந்து வந்து, கிம்லியில் பழைய விமானப்படைத் தளத்தில் இறங்கியது. லிட்டரைக் கிலோவாக மாற்ற ஏறத்தாழ 0.8 என்று பெருக்க வேண்டிய இடத்தில், பவுண்டுக்கு உரிய 1.77ஐப் பயன்படுத்தினார்கள், ஏற்றியது தேவையில் பாதிக்கும் குறைவு. உங்கள் எடைத்தாளில் ஒவ்வொரு பத்தியின் தலைப்பிலும் அலகை எழுதுங்கள். எண்ணை மட்டும் எழுதிய தாளை நான் திருத்துவதில்லை, திருப்பி அனுப்புகிறேன்.

ஜூன் 27

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எடைபோட வேண்டும்? அது எந்த நாட்டு விதி, எந்த வகைச் செயல்பாடு என்பதைப் பொறுத்தது. அமெரிக்க விமான நிறுவனங்களின் நடைமுறையில் 36 மாதங்கள். ஐரோப்பாவில் விமானத்தைத் தனித்தனியே எடைபோடும் முறையில் நான்கு ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் செய்யும் மாற்றங்களைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். அந்த அமெரிக்க நடைமுறையில், திரண்ட மாற்றம் அதிகபட்சத் தரையிறங்கும் எடையில் அரை சதவீதத்தையோ, மையத்தில் இறக்கையின் சராசரி நாணில் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரையான அகலம்) அரை சதவீதத்தையோ தாண்டினால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். சிறுசிறு வேலைகள்தான் இதில் வஞ்சிப்பவை. ஒரு ரேடியோ, ஒரு ஒட்டுத்தகடு, ஒரு புதிய வண்ணப்பூச்சு என ஒவ்வொன்றும் அற்பமாகத் தோன்றி எழுதப்படாமல் போகும். விமானங்கள் வயதாக ஆகக் கனக்கின்றன. அந்தக் கனம் பெரும்பாலும் லாக் புக்கில் இருப்பதில்லை.

வண்ணப்பூச்சு என்றவுடன் இன்னொன்று. எலிவேட்டர், ரடர், எய்லரான் ஆகிய அசையும் கட்டுப்பாட்டுப் பரப்புகள் மீது பூசினால் விமானத்தின் எடைக்கணக்கோடு நிறுத்தாமல், அந்தப் பரப்பைத் தன் கீல்கோட்டில் சமநிலை பார்க்க வேண்டும். பின்விளிம்பு கனத்தால் ஃபிளட்டர் என்னும் நடுக்கம் பறப்பின்போது அதைப் பிய்த்தெறிந்துவிடலாம். அது தனிப் பாடம்.

ஜூலை 1

பேட்டரி மாற்றிய விமானத்துக்குத் திரும்புவோம். வெற்று மையம் 166.53, வீச்சு 155 முதல் 185. பிரச்சினையே இல்லையே என்று பலர் எழுதிவிட்டார்கள். அந்த வீச்சு சுமையேற்றிய விமானத்துக்கு உரியது. வெற்று மையம் அதற்குள் இருப்பதால் மட்டும் எதுவும் நிறுவப்படவில்லை. மாற்றம் செய்தவர் மிக மோசமான இரு நிலைகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். பின்பக்கச் சோதனையில், பின்வரம்புக்குப் பின்னால் உள்ள இருக்கைகளும் சாமான் அறையும் தொட்டியும் முழுமையாக நிரம்பியிருக்கும், முன்னால் உள்ளவை குறைந்தபட்சமாக இருக்கும். முன்பக்கச் சோதனை இதற்கு நேரெதிர்.

பின்பக்கச் சோதனையில் முன்பு மொத்தம் 1000 கிலோ, மையம் 182.4 என்று இருந்ததாகக் கொள்ளுங்கள். பேட்டரி சேர்த்த கூடுதல் திருப்புத்திறன் 3,600, மையம் 186.0 ஆகிறது. வெற்று விமானத்தில் 5.14 நகர்த்திய அதே வேலை இங்கே 3.6 மட்டுமே நகர்த்துகிறது, ஆனாலும் வரம்பை ஒரு செ.மீ. தாண்டிவிட்டது. மையத்தை முன்னே இழுக்க, 30 செ.மீ. புள்ளியில் எவ்வளவு ஈயம் பொருத்தினால் 185க்குள் வரும் என்று போட்டுப் பாருங்கள்.

ஜூலை 3

விடைகள் வந்துவிட்டன. பெரும்பாலோர் 1000 × 1 ÷ (185 − 30) = 6.45 கிலோ என்று எழுதியிருக்கிறார்கள். வாய்பாடு சரி. வகுஎண்ணில் டேட்டத்திலிருந்து உள்ள தூரத்தைப் போடாமல், ஈயத்திலிருந்து நாம் விரும்பும் மையத்துக்குள்ள தூரத்தைப் போட்டதும் சரி.

கேபிளைக் காணோம். வெற்று விமானத்தில் கேபிள் மையத்துக்குச் சற்றுப் பின்னால் இருந்தது. சுமையேற்றிய விமானத்தில் மையமே 186க்குப் போய்விட்டதால், 170இல் உள்ள அதே கேபிள் இப்போது முன்னால் இருக்கிறது, நமக்கு உதவுகிறது. மொத்தம் 1003 கிலோ, திருப்புத்திறன் 1,86,510, வரம்பில் நிற்க வேண்டியது 1,85,555, மிகுதி 955, அதை 155ஆல் வகுத்தால் 6.16 கிலோ. கேபிளும் ஈயமும் சேர்ந்து 9.16 கிலோ. அவ்வளவு பயன்சுமையை அந்த விமானத்தின் உரிமையாளர் நிரந்தரமாக இழக்கிறார்; பேட்டரியை எங்கே மாற்றுவது என்று பேசும்போதே இதை அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நிரந்தர ஈயத்துக்குச் சிவப்பு வண்ணம் பூசி, அகற்றக் கூடாது என்ற அறிவிப்புத் தகட்டையும் பொருத்த வேண்டும். 6.16 என்று எழுதிய இருவருக்கு இன்னொரு வேலை மீதமிருக்கிறது: ஈயத்தைப் பிடித்திருக்கும் தாங்கி, போல்ட்டுகள் ஆகியவற்றின் எடையை அதற்குள் அடக்கினீர்களா, வெளியே விட்டீர்களா என்று எழுதி, முன்பக்கச் சோதனையையும் போட்டு அனுப்புங்கள்.